கழுவி வந்த டப்பா

அந்த வீட்டுச் சமையலறையில் மூன்று வாரமாக அப்பாவின் ஆட்சி.

ஆட்சி மாறிய கதை இதுதான். அப்பா லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியில் எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தபோது அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அதே வாரம் பட்டாணியின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது. ‘வயதுக்கு எடை சற்று அதிகம். வீட்டிலிருந்து சத்தான மதிய உணவு கொடுத்தனுப்பவும்.’

இரண்டு காகிதங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார் அப்பா. அன்றைக்கே அலமாரியிலிருந்த பிஸ்கட், சிப்ஸ், ஜாம் பாட்டில் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி மாடி வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். மாடி வீட்டுப் பிள்ளைகளுக்கு யோகம் அடித்தது. பட்டாணியின் மதியச் சாப்பாடு அப்பாவின் கைக்கு வந்தது.

அம்மாவுக்கு அதில் வருத்தம் இல்லை. அவள் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவாள். இத்தனை வருஷமாக அவசர அவசரமாக இரண்டு ரொட்டித் துண்டில் ஜாமைத் தடவி வைத்துவிட்டுப் போனவள்தான். யாராவது நல்லபடி செய்தால் சரி.

அன்று வியாழக்கிழமை.

அப்பா கேரட்டை வெட்டிக்கொண்டிருந்தார். ஸ்க்ரூவை எண்ணிப் பழகிய கை. ஒவ்வொரு துண்டும் ஒரே நீளம். வேகவைத்த கொண்டைக்கடலையைச் சின்னத் தராசில் நிறுத்தார். ஒரு பிடி அதிகமாக இருந்தது. எடுத்து வெளியே வைத்தார். கீரை போட்ட ஆம்லெட்டைச் சுருட்டி மூன்றாக நறுக்கினார். வெள்ளரிக்காய் வட்டத்தின் மேல் இரண்டு மிளகைப் பதித்துக் கண் வைத்தார். தக்காளிக் கீற்றில் வாய். வெள்ளரிக்காய் சிரித்தது.

டப்பாவை போட்டோ எடுத்து அம்மாவின் போனுக்கு அனுப்பினார். தினமும் அனுப்புவார். கீழே ஒரு வரி எழுதுவார். இன்றைய வரி: ‘நேத்தும் காலி!’

அதுதான் அவருடைய பெருமை. மூன்று வாரமாக டப்பா ஒரு பருக்கை மிச்சமில்லாமல் காலியாகத் திரும்பி வந்தது. முதல் நாள் ‘புல்லு மாதிரி இருக்குப்பா’ என்று அழுத பெண், நான்காம் நாளிலிருந்து மூச்சு விடவில்லை. காலி செய்தது மட்டும் இல்லை, டப்பாவைக் கழுவி வேறு கொண்டுவந்தாள். வீட்டில் ஒரு டம்ளரைக்கூடக் கழுவாதவள். அப்பா அதை வேலை செய்யும் இடத்தில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார்.

“பட்டாணி, மணியாச்சு!”

பட்டாணி வந்து நின்றாள். பத்து வயது. பிறந்தபோது பச்சைத் துணியில் சுருட்டிக் கொடுத்தார்கள். நர்ஸம்மாவே ‘பட்டாணி மாதிரி இருக்கா’ என்றாளாம். பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் இந்தக் காலையில் பட்டாணியைப் பார்த்தால் யாருக்கும் அந்தப் பெயர் தோன்றாது. பள்ளிப் பாவாடையின் இடுப்பை மடித்து ஒரு ஊக்கு குத்தியிருந்தாள்.

“பாரு, பாவாடை லூசாயிடுச்சு,” என்றார் அப்பா. குரலில் மகிழ்ச்சி. “காலைல என்ன சாப்பிட்ட?”

“ஆப்பிள்.”

“பால்?”

“குடிச்சேன்ப்பா.”

“நேத்து கடலை எப்படி இருந்துச்சு? உப்பு கம்மியா?”

“நல்லா இருந்துச்சு.”

“இன்னிக்கு வெள்ளரிக்கா உன்னைப் பார்த்துச் சிரிக்கும். திறந்து பாரு.”

அவள் திறந்து பார்க்கவில்லை. டப்பாவைப் பைக்குள் வைத்தாள். வைக்கும்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், ஏதோ பெரிய பாரம் மாதிரி. அப்பா தன்னுடைய டப்பாவை மூடிக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

“அப்பா, நீங்க இன்னிக்கு ஊசி போட்டுக்கணுமா?”

“இல்லடா. எனக்கு மாத்திரைதான். வாயைக் கட்டிட்டா ஊசியே வேண்டாம்.”

பட்டாணி தலையாட்டினாள். படியிறங்கிப் போனாள். வழக்கமாக இரண்டிரண்டு படியாகக் குதிக்கிறவள், அன்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

*

டிப்போவில் பதினொன்றே கால்.

அம்மாவின் அறை நாலு பக்கமும் கண்ணாடி போட்ட ஒரு பெட்டி. எந்த பஸ் எப்போது புறப்பட்டது, எப்போது திரும்பியது என்று ஒரு பேரேட்டில் எழுத வேண்டும். டிரைவர்கள் அவளை ‘கடிகாரம் அக்கா’ என்பார்கள். ஒரு நிமிஷம் தாமதமாகப் புறப்பட்டால் கண்ணாடியைத் தட்டுவாள். வயசான டிரைவர்கள்கூடப் பள்ளிப் பிள்ளை மாதிரி முழிப்பார்கள்.

போன் அடித்தது. பள்ளிக்கூடத்து நம்பர்.

“பாப்பாவோட அம்மாங்களா? நான் ஸ்கூல் நர்ஸ் பேசறேன். பயப்படாதீங்க.”

பயப்படாதீங்க என்று ஆரம்பிக்கிற எந்த போனும் பயப்படுத்தாமல் விட்டதில்லை.

“என்ன ஆச்சு?”

“விளையாட்டு பீரியட்ல ஓடும்போது மயங்கி விழுந்துட்டா. இப்ப முழிச்சிருக்கா, பேசறா. முட்டியில சிராய்ப்பு, அவ்வளவுதான். அப்பாவுக்கு மூணு தடவை போன் பண்ணினேன். எடுக்கல. நீங்க வர முடியுமா?”

அம்மா எழுந்துவிட்டாள். பேரேட்டைப் பார்த்தாள். பதினொன்று பதினேழு பஸ் எதிரே உறுமிக்கொண்டு நின்றது. பேனாவை எடுத்தாள். என்ன எழுத வேண்டும் என்று மறந்துபோயிற்று.

பக்கத்து மேஜைக்காரி அவள் முகத்தைப் பார்த்தாள். பேனாவை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். “நீ போ. நான் பார்த்துக்கறேன்.”

உறுமிக்கொண்டு நின்ற பஸ் பள்ளிக்கூடத்து வழியாகப் போகிறதுதான். அம்மா ஓடிப்போய் ஏறினாள். டிரைவருக்கு ஆச்சரியம்.

“என்னக்கா, நீங்களே ஏறிட்டீங்க?”

“எடுப்பா. சீக்கிரம் எடு.”

“இன்னும் ஒரு நிமிஷம் இருக்கே?”

“எடுங்கறேன்ல!”

பத்து வருஷ வேலையில் நேரத்துக்கு முன்னால் ஒரு பஸ்ஸை அவள் கிளப்பியது அன்றைக்குத்தான்.

*

பள்ளிக்கூடத்து மருத்துவ அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு எடை மெஷின், சுவரில் பல் தேய்க்கும் முயலின் படம். பட்டாணி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அம்மா அவள் நெற்றியில் கை வைத்தாள். சில்லென்றிருந்தது.

“என்னம்மா செல்லம்? என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்லம்மா. வெயில்.”

நர்ஸ் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே காலையிலிருந்தே மேகம் மூடிக் கிடந்தது. அவள் அம்மாவை மேஜைப் பக்கம் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

“குளுக்கோஸ் கரைச்சுக் கொடுத்தேன். குடிக்க மாட்டேன்னு அழுதா. சர்க்கரை போட்டிருக்கான்னு திரும்பத் திரும்பக் கேட்டா. கெஞ்சிக் கெஞ்சி அரை டம்ளர் உள்ள போச்சு. வீட்ல யாருக்காவது சுகர் இருக்கா?”

“அவங்க அப்பாவுக்கு. இப்பத்தான் தெரிஞ்சுது.”

“அதான் ரத்தப் பரிசோதனைக்கு எழுதியிருக்கேன். லேப்ல சொல்லி வச்சிடறேன், அவங்களே உங்களுக்கு போன் பண்ணுவாங்க. இன்னொண்ணு...” நர்ஸ் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். “மூணு வாரத்துக்கு முன்னாடி நாப்பத்திரெண்டு கிலோ. இப்ப முப்பத்தேழரை.”

அம்மா அந்த எண்களைப் பார்த்தாள்.

“குறையணும்னுதானே சீட்டுக் கொடுத்தீங்க?”

கேட்டபோதே அவளுக்குத் தெரிந்தது, இது பதில் இல்லை என்று.

“நான் குறைக்கச் சொல்லலம்மா. சத்தா கொடுங்கன்னு எழுதினேன். வளர்ற பிள்ளை. எடை அப்படியே நின்னாக்கூடப் போதும், உயரம் சரி பண்ணிக்கும். மூணு வாரத்துல நாலரை கிலோன்னா...” நர்ஸ் நோட்டை மூடினாள். “மதியத்துக்கு என்ன கொடுத்தனுப்பறீங்க?”

அம்மா போனைத் திறந்து காலையில் வந்த போட்டோவைக் காட்டினாள். நர்ஸ் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். சிரிக்கிற வெள்ளரிக்காயைப் பார்த்து அவளும் லேசாகச் சிரித்துவிட்டாள்.

“சாப்பாடு நல்ல சாப்பாடுதாங்க. அளவு கொஞ்சம் கம்மி. ஆனா இதைச் சாப்பிட்டா இப்படி ஆகாதே.”

அம்மா நடைக்கு வந்து அப்பாவுக்கு போன் போட்டாள். அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள்.

நடையைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுக்காரம்மா மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள். அம்மாவின் தோளில் தொங்கிய பட்டாணியின் மஞ்சள் பள்ளிப் பையைப் பார்த்தாள்.

“நீங்கதான் அந்தப் பாப்பாவோட அம்மாவா?”

“ஆமாங்க.”

“சொல்லலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சுக்கிட்டிருந்தேன். நான் சொன்னேன்னு பாப்பாவைத் திட்டிடாதீங்க.”

“சொல்லுங்க.”

“மதியம் மணி அடிச்சதும் எல்லாப் பிள்ளைங்களும் சாப்பிட உக்காரும். இது மட்டும் நேரா குழாயடிக்கு வரும். டப்பாவைத் திறக்கும், அங்க இருக்கிற குப்பைத் தொட்டியில அப்படியே கொட்டும். அப்புறம் டப்பாவைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவும். ‘ஏன் கண்ணு, நல்லா இல்லையா?’ன்னு கேட்டேன். ‘வயிறு வலிக்குது ஆன்ட்டி’ன்னுச்சு. அடுத்த நாளும் அதேதான். அதுக்கடுத்த நாளும்.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கும்.”

அம்மா பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தாள். இன்னும் சாப்பாட்டு மணி அடிக்கவில்லை. எல்லாம் காலையில் வைத்தபடி இருந்தது. ஒரே நீளக் கேரட், நிறுத்துப் போட்ட கடலை, மூன்றாக நறுக்கிய ஆம்லெட். இந்த மனுஷன் விடியக்காலையில் எழுந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இதை வெட்டுகிறார். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

உள்ளே போனாள். கட்டிலில் உட்கார்ந்தாள். பட்டாணி டப்பா திறந்திருப்பதைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

“அப்பாகிட்ட சொல்லாதம்மா.”

அவ்வளவுதான் சொன்னாள். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

அப்பா அந்த நேரம் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில், லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் நின்றுகொண்டிருந்தார்.

ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில். தலைக்கு மேலே கம்பிவடம், காலுக்குக் கீழே ஆறு மாடி இருட்டு. போன் மெஷின் ரூமில், கருவிப் பையில் கிடந்தது. வேலை செய்யும்போது போனைக் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவரே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற விதி.

கதவு ரோலரில் கிரீஸ் தடவக் குனிந்து நிமிர்ந்தார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. காதில் ஈ பறக்கிற மாதிரி ஒரு சத்தம். கையை நீட்டி இரும்புத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் குளிர்ந்த வியர்வை.

“அண்ணே?” ஏழாவது மாடிக் கதவு வழியாகக் கூட்டாளி எட்டிப் பார்த்தான். அவனும் மெக்கானிக்தான், பதினைந்து வருஷமாக ஜோடி. “என்ன அப்படியே நிக்கறீங்க?”

“ஒண்ணுமில்ல. கிரீஸ் வாசனை.”

“கிரீஸ் வாசனை இன்னிக்குத்தான் புதுசா வருதா? ஏறி வாங்க மேல. முதல்ல இந்த பெல்ட்டைப் பிடிங்க. ஏறுங்க.”

அவன் இழுத்துத்தான் மேலே ஏற்றினான். நடையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தான்.

“காலைல என்ன சாப்பிட்டீங்க?”

“டீ. சர்க்கரை போடாம.”

“அப்புறம்?”

அப்பா இன்னொரு வாய் தண்ணீர் குடித்தார். கூட்டாளிக்குக் கோபம் வந்தது.

“டாக்டர் என்ன சொன்னாரு? நேரத்துக்குச் சாப்பிடுன்னு சொன்னாரா, பட்டினி கிடன்னு சொன்னாரா? மாத்திரையையும் போட்டுக்கிட்டு சாப்பிடாம இந்த உயரத்துல ஏறினா என்னண்ணே அர்த்தம்? நான் எட்டிப் பார்க்கலைன்னா?”

“சரி, விடு. போனை எடுத்துட்டு வா.”

போனில் பதினோரு தவறிய அழைப்புகள். மூன்று பள்ளிக்கூடத்திலிருந்து. எட்டு அம்மாவிடமிருந்து. கடைசியில் ஒரு செய்தி. ‘பாப்பா மயங்கி விழுந்துட்டா. இப்ப பரவாயில்லை. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். உடனே வாங்க.’

அப்பா அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தார். பிறகு படியிறங்கி ஓடினார். ஒன்பது மாடிக் கட்டடம், நாலு லிஃப்ட், மூன்று நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. லிஃப்ட்டுக்காக நிற்க அவருக்குப் பொறுமை இல்லை.

*

வீட்டில் பட்டாணி தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா சமையலறையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் அறைந்த மாதிரி விழுந்தது.

“கொட்டிட்டாளா?” என்றார் அப்பா. “எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“நல்லா இருந்துச்சுன்னு சொன்னாளே. தினமும் கேட்பேன். தினமும் சொல்லுவா.”

“நீங்க ஆசையா கேட்டீங்க. அவ உங்களுக்குப் பிடிச்ச பதிலைச் சொல்லியிருக்கா.”

“பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாம்ல? வேற ஏதாவது பண்ணிக் கொடுத்திருப்பேனே!” அப்பாவின் குரல் உயர்ந்தது. “நான் என்ன விஷத்தையா கொடுத்தேன்? அவ நல்லதுக்குத்தானே? நீயும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்த? தினமும் போட்டோ அனுப்பினேன்ல?”

“போட்டோவைத்தான் பார்த்தேன்,” என்றாள் அம்மா. “பிள்ளையைப் பார்க்கல. நானும்தான் பார்க்கல.”

அதற்குமேல் இருவருக்கும் சண்டை போடத் தெம்பில்லை. அம்மா சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள்.

“ருசி பிடிக்காம இல்லைங்க,” என்றாள் அம்மா. “பிடிக்காத பிள்ளை மிச்சம் வைக்கும். இல்ல, யார்கிட்டயாவது மாத்திக்கும். இவ ஒரு வாய்கூட வைக்கலை. காலைல பாலும் குடிச்சிருக்க மாட்டா. ராத்திரியும் தட்டைக் கிளறிட்டு எழுந்துடறா, நான் தூக்கக் கலக்கம்னு விட்டுட்டேன். எதுக்கோ பயப்படறா. எதுக்குன்னுதான் தெரியல.”

“ஸ்கூல்ல யாராவது குண்டுன்னு கேலி பண்ணியிருப்பாங்களோ?”

“கேட்டேன். இல்லைங்கறா.”

கதவருகே அசைவு தெரிந்தது. பட்டாணி நின்றிருந்தாள். போர்வையைத் தோளோடு போர்த்திக்கொண்டு, முட்டியில் பிளாஸ்திரியோடு. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை.

அப்பா அவளை நோக்கிப் போனார். அவள் ஓர் அடி பின்னால் போனாள். அதைப் பார்த்ததும் அப்பாவின் கோபமெல்லாம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“வாடா. திட்ட மாட்டேன். வந்து உக்காரு.”

வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இல்லை, எதிரே.

“அப்பா பண்றது பிடிக்கலையாடா?”

“பிடிக்கும்.”

“அப்புறம் ஏன் கொட்டின?”

பட்டாணி போர்வை நுனியை முறுக்கினாள். “தாத்தாவுக்குக் காலை எடுத்துட்டாங்கள்ல?”

அப்பா திடுக்கிட்டார். அவருடைய அப்பா. சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்து, மறு வருஷமே போய்ச்சேர்ந்தவர். பட்டாணி பிறப்பதற்கு முன்பே நடந்தது. அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

“யார் சொன்னா?”

“நீங்கதான். அன்னிக்கு ரிப்போர்ட் வந்தப்போ பால்கனியில நின்னுக்கிட்டு போன்ல உங்ககூட வேலை செய்யற மாமாகிட்ட சொன்னீங்க. ‘எங்க ரத்தத்துலயே இருக்கு. எங்கப்பாவுக்குக் காலை எடுத்தாங்க, இப்ப எனக்கு வந்திருக்கு. அடுத்தது என் பொண்ணுதான். சீட்டு வந்துடுச்சு. இப்பவே வாயைக் கட்டலைன்னா அவளுக்கும் அதே கதிதான்’னு சொன்னீங்க.”

அந்தச் சொற்களை அவள் ஒரு எழுத்துப் பிசகாமல் வைத்திருந்தாள். பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

“அதான் வாயைக் கட்டிட்டேன்,” என்றாள்.

அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்படி இல்லடா கண்ணு,” என்றார் அப்பா. “வாயைக் கட்டறதுன்னா சாப்பிடாம இருக்கறதில்ல. கண்டதைத் தின்னாம, நல்லதைச் சாப்பிடறது. சாப்பிடணும்டா. சாப்பிட்டே ஆகணும்.”

பட்டாணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பயம் இருந்தது. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஒரு கேள்வி இருந்தது.

“அப்போ நீங்க மட்டும் ஏன் சாப்பிடறதில்ல?”

அம்மா புரியாமல் அவளைப் பார்த்தாள்.

“நீங்க சாயங்காலம் வந்ததும் உங்க டப்பாவைக் குப்பையில கொட்டறீங்க. அப்புறம் மேல பேப்பரைப் போட்டு மூடறீங்க. நான் ரெண்டு நாள் பார்த்தேன். அப்புறம்தான் எனக்கும் எப்படிப் பண்றதுன்னு தெரிஞ்சுது.”

அம்மா மெதுவாக அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

அப்பா தரையைப் பார்த்தார். கேட்க வேண்டியதே இல்லை, முகத்தில் எழுதியிருந்தது. மூன்று வாரமாகக் கன்னம் ஒட்டிப்போயிருந்ததை ‘டயட்’ என்று சொல்லிச் சிரித்த முகம். அம்மா அதையும் பார்க்காமல்தான் இருந்திருக்கிறாள்.

“என்னங்க இது?”

“பயமா இருக்கும்மா,” என்றார் அப்பா. இருபது வருஷத்தில் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி அவள் கேட்டதில்லை. “டப்பாவைத் திறந்தாலே எங்கப்பா கட்டில்ல கிடந்ததுதான் ஞாபகம் வருது. ஒரு வாய் வச்சா அது உள்ள போய் என்ன பண்ணுமோன்னு இருக்கு. சாப்பிடாத அன்னிக்கு ஜெயிச்ச மாதிரி இருக்கு. இன்னிக்கு...” நிறுத்தினார். லிஃப்ட் கூரையில் கண் இருட்டியதைச் சொல்ல வாயெடுத்தவர், பட்டாணியைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார்.

அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். அடுப்பைப் பற்ற வைத்தாள்.

*

மாலை ஆறரைக்கு மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

அம்மா தராசை எடுக்கவில்லை. சோறு, பருப்பு, முட்டை, வதக்கிய காய். மூன்று தட்டு. மூன்றிலும் ஒரே மாதிரி. பட்டாணிக்கு ஒரு ஸ்பூனும் வைத்தாள்.

“யாரும் யாரையும் ஏமாத்த வேண்டாம்,” என்றாள். “எல்லாரும் எல்லார் தட்டையும் பார்த்துக்கிட்டே சாப்பிடுவோம். பட்டாணி, நீ அப்பாவைக் கவனி. ஒரு பருக்கை மிச்சம் வச்சாலும் என்கிட்ட சொல்லு.”

“அப்போ என்னை யார் கவனிப்பா?”

“அப்பா.”

“உன்னை?”

“நான் டைம் கீப்பர். என்னை யாரும் கவனிக்க வேண்டாம்.”

பட்டாணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் உதட்டோரம் ஏதோ அசைந்தது.

அப்பா முதல் வாயை எடுத்தார். பட்டாணி அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் விழுங்கினார். தண்ணீர் குடித்தார். இன்னொரு வாய்.

“ஒண்ணும் ஆகலையாப்பா?”

“ஒண்ணும் ஆகலை.”

அவள் ஸ்பூனில் நாலு பருக்கை எடுத்தாள். வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். ரொம்ப நேரம் மென்றாள். விழுங்கிவிட்டுத் தன் பாதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அம்மா தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இரண்டாவது வாய். மூன்றாவது கொஞ்சம் பெரியதாக இருந்தது. அப்பா இப்போது அவளோடு போட்டி போடுகிற மாதிரி வேகமாகச் சாப்பிட்டார். ஆறாவது வாயில் பட்டாணி முட்டையைத் தொட்டாள்.

அம்மாவின் போன் அடித்தது.

கையெல்லாம் பருப்பு. புறங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

“லேப்ல இருந்து பேசறோம் மேடம். ஸ்கூல் நர்ஸ் சீட்டு அனுப்பியிருக்காங்க, உங்க பாப்பாவுக்கு சுகர் டெஸ்ட். நாளைக்குக் காலைல ஏழு மணிக்குக் கூட்டிட்டு வந்துடுங்க. வெறும் வயித்துல வரணும். இப்ப இருந்தே எதுவும் கொடுக்காதீங்க. தண்ணி மட்டும் குடிக்கலாம்.”

அம்மா பாய்ந்து ஸ்பீக்கரை அணைப்பதற்குள் எல்லாம் சொல்லி முடித்துவிட்டாள் அந்தப் பெண்.

“இல்லம்மா, கேளுங்க, என் பொண்ணு ரெண்டு வாரமா...” அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினாள். “அவ இப்பத்தான் சாப்பிட ஆரம்பிச்சிருக்கா. டெஸ்ட்டைத் தள்ளிப் போடுங்க... டாக்டரைத்தான் கேக்கணுமா? டாக்டர் நம்பர் கொடுங்க... எடுக்க மாட்டாரா? கிளினிக் எத்தனை மணி வரைக்கும்? ஏழரையா?”

செருப்பை மாட்டுகிற சத்தம் கேட்டது. “நான் நேர்ல போய்க் கேட்டுட்டு வந்துடறேங்க! அவளைச் சாப்பிட வைங்க!” கதவு சாத்திக்கொண்டது. படியில் காலடிகள் தடதடவென்று இறங்கின.

அப்பா பட்டாணியைப் பார்த்தார்.

அவள் ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டிருந்தாள். தட்டை மெல்லத் தள்ளி வைத்தாள். மூன்று வாரத்தில் முதல் முறையாக அவள் முகம் தெளிந்திருந்தது. தோள் இறங்கியிருந்தது. ஏதோ தேர்வு ரத்தாகிவிட்ட மாதிரி ஒரு நிம்மதி.

“சாப்பிடுடா. அம்மா சொன்னாங்கள்ல.”

“சாப்பிடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கப்பா. டெஸ்ட் தப்பா வந்துடும்.”

“அம்மா டாக்டர்கிட்ட கேட்கத்தான் போயிருக்காங்க.”

“அப்போ அம்மா வர்ற வரைக்கும் இருக்கலாம்,” என்றாள் பட்டாணி. போர்வையை நன்றாகப் போர்த்திக்கொண்டு, மிகவும் இனிமையாகச் சிரித்தாள். “எனக்கு ஒண்ணும் அவசரமில்லப்பா.”